28 சதவீதம் என்னைக் கவிழ்த்த கதை

விளம்பர நிறுவன வேலையை உதறிவிட்டு, சென்னை கோடம்பாக்கத்தில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து, மக்கள் தொடர்பு நிறுவனம் என்று பலகை மாட்டியது 2021 மே மாதத்தில். நிறுவனம் என்றால் நானும், ஒரு மடிக்கணினியும், பாதி நாள் மட்டும் வரும் ஒரு பையனும்தான். ஆகஸ்டில் முதல் வாடிக்கையாளர் கிடைத்தார். பூட்டும் கண்காணிப்பு கேமராவும் மொத்த விற்பனை செய்பவர், தென்மாவட்டத்துக்காரர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பார்கள், நானும் அப்படித்தான். மாதம் நாற்பதாயிரம், மூன்று மாத ஒப்பந்தம். தீபாவளிக்குள் பத்திரிகைகளில் தம் நிறுவனத்தின் பெயர் வரவேண்டும் என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. “விளம்பரம் கொடுக்க எனக்குத் தெரியும் தம்பி. செய்தியாக வரவேண்டும்” என்றார்.

புதிய பூட்டு சந்தைக்கு வந்ததை யார் செய்தியாகப் போடுவார்கள்? முதல் மாதம் அனுப்பிய இரண்டு குறிப்புகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. அப்போதுதான் புள்ளிவிவரங்களிலிருந்து செய்தி எடுக்கும் முறை நினைவுக்கு வந்தது. அரசு அறிக்கைகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. நிருபர்களுக்கு அவற்றைப் படிக்க நேரமில்லை. நாம் படித்து, நல்ல எண் ஒன்றைப் பிடித்து, நம் வாடிக்கையாளரின் பெயரோடு சேர்த்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. யோசனை தப்பில்லை. நான் அதைச் செய்த விதம்தான் தப்பு.

அந்தச் செப்டம்பர் நடுவில்தான் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2020ஆம் ஆண்டுக்கான அறிக்கை வெளியானது. பல நூறு பக்கங்கள் கொண்ட பிடிஎஃப். நான் படித்தது முன்பகுதியில் இருந்த சுருக்கத்தை மட்டும். 2019இல் 51,56,158 ஆக இருந்த வழக்குகள் 2020இல் 66,01,285 ஆகியிருந்தன. 28 சதவீத உயர்வு! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பூட்டு விற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? இரவு பதினொரு மணிக்கு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் என்னைவிட வேகமானவர். செய்திக் குறிப்பை நான் எழுதி முடிப்பதற்குள், ‘நாட்டில் குற்றங்கள் 28% உயர்வு, உங்கள் வீடு பத்திரமா?’ என்று பதினான்கு முகவர்களின் கடைக்கும் பிளக்ஸ் பேனர் அடித்துவிட்டார். செலவு இருபத்திரண்டாயிரம்.

அறுபது பத்திரிகையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் காலை ஒரு தமிழ் நாளிதழில் பல ஆண்டுகளாகக் குற்றச் செய்திகள் எழுதிவரும் மூத்த நிருபர் அழைத்தார். செய்தி போடப் போகிறார் என்று நினைத்து, பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன்.

“தம்பி, 188ஐக் கழித்துப் பார்த்தீர்களா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கு எண்ணா, பக்க எண்ணா என்றுகூடத் தெரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவு, அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறுவது பற்றியது. 2019இல் நாடு முழுவதும் அந்தப் பிரிவில் 29,469 வழக்குகள். 2020இல் 6,12,179. ஊரடங்கில் வெளியே சுற்றியதற்காகப் போட்ட வழக்குகள் அதில் குவிந்து கிடந்தன. இதர குற்றங்கள் என்ற தலைப்புகளின் கீழும் ஊரடங்கு மீறல்கள் சேர்ந்து எண்ணிக்கையைத் தூக்கியிருந்தன. இந்த விளக்கம் அறிக்கையிலேயே இருந்தது. நான்தான் அந்தப் பக்கம் வரை போகவில்லை. திருட்டு? அது முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தது.

“ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடந்த வருடம் அது. அந்த வருடத்தை வைத்துப் பூட்டு விற்கப் பார்க்கிறீர்களே” என்று சிரித்தார். கேலிதான், ஆனால் அதில் விஷம் இல்லை. அன்று அவர் அழைக்காமல் இருந்திருந்தால், யாராவது அதை அப்படியே அச்சிட்டு, அடுத்த நாள் வேறொருவர் அதைக் கிழித்திருப்பார். ஒரு சிறிய இணையதளம் மட்டும் ஏற்கெனவே போட்டுவிட்டது. அவர்களை அழைத்து, தவறு என்னுடையது என்று சொல்லி எடுக்க வைப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. அண்ணாச்சியிடம் சொல்வது அதைவிடக் கொடுமை. பேனர்களை இறக்கச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மூன்று நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “பேனர் காசை உங்கள் கணக்கில் கழித்துக்கொள்கிறேன்” என்றார். மீதி இரண்டு மாதத் தொகை எண்பதாயிரத்தில் அந்த இருபத்திரண்டாயிரம் போக ஐம்பத்தெட்டாயிரம் வரவேண்டும். ஒப்பந்தமும் அதோடு நின்றது.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. பணம் போனதைவிட, அறுபது பேருடைய மின்னஞ்சல் பெட்டியில் என் பெயரோடு அந்தக் குறிப்பு கிடக்கிறதே என்பதுதான் உறுத்தியது. அவர்களில் சிலர் அதன்பின் என் அழைப்பை எடுப்பதற்கே ஒரு வருடம் ஆனது.

இப்போது யோசித்தால், நான் கணக்கில் தவறவில்லை. 28 சதவீதம் சரியான கணக்கு. எனக்கு வேண்டிய எண் கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிட்டதுதான் பிசகு. வேண்டாத எண் வந்திருந்தால், பத்து முறை சரிபார்த்திருப்பேன், அடிக்குறிப்பைப் படித்திருப்பேன், எப்படியாவது அதில் ஓட்டை கண்டுபிடித்திருப்பேன். அதே சந்தேகத்தைப் பிடித்த எண்ணின் மீதும் காட்டவேண்டும். இதை நான் இப்படிச் செய்கிறேன்: ஓர் எண் உயர்ந்திருந்தால், நான் விரும்பும் காரணத்தைத் தவிர வேறு எதனால் உயர்ந்திருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை. சட்டம் மாறியதா, எண்ணும் முறை மாறியதா, எல்லை மாறியதா, அல்லது முன்பு பதிவாகாதது இப்போது பதிவாகிறதா? குற்றம் கூடுவது வேறு, குற்றத்தைப் போலீசார் பதிவு செய்வது கூடுவது வேறு என்று அந்தக் காப்பகமே எச்சரிக்கிறது. புகாரை ஒழுங்காக வாங்கும் ஊர், பட்டியலில் மேலே போய் நிற்கும். அதைப் பார்த்து ஆபத்தான நகரம் என்று தலைப்பு வைத்தால் பாவம், அந்த ஊர்ப் போலீசுக்குத்தான் கெட்ட பெயர்.

எல்லை என்று சொன்னேனே, அதில் நான் இரண்டாவது முறை விழ இருந்தேன். சென்னையில் குறிப்பிட்ட ஒரு வகைக் குற்றத்தை ஆண்டுவாரியாக ஒப்பிட உட்கார்ந்தபோது, அதே மூத்த நிருபரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். (அதற்குள் அவருடைய அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் வாரம் ஒருமுறை போய் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.) 2022 ஜனவரி முதல் தேதி ஆவடியும் தாம்பரமும் தனிக் காவல் ஆணையரகங்கள் ஆகிவிட்டன என்று நினைவூட்டினார். அதுவரை சென்னைக் கணக்கில் இருந்த பல காவல் நிலையங்கள் வேறு கணக்கில் போய்விட்டன. இதைக் கவனிக்காமல் 2021ஐயும் 2022ஐயும் பக்கத்தில் வைத்தால், சென்னை ஒரே இரவில் திருந்திவிட்டதாகத் தோன்றும். மாவட்டக் கணக்கிலும் இதே கண்ணி உண்டு. வேலூர் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்துபோன மாவட்டங்களைக் கூட்டாமல் பழைய வேலூரோடு புதிய வேலூரை ஒப்பிட்டால், எந்த எண்ணும் பாதாளத்துக்குப் போய்விடும்.

வகுக்கும் எண்ணும் அப்படித்தான். லட்சம் பேருக்கு எத்தனை என்று சொல்லும்போது, எந்த மக்கள்தொகை? சென்னை என்றால் 2011 கணக்கெடுப்பின்படி பழைய மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 46 லட்சம் பேர், சுற்றியுள்ள நகர்ப்பகுதிகளையும் சேர்த்தால் சுமார் 87 லட்சம். எதை எடுத்தாலும் சென்னைதான், ஆனால் விடை ஏறக்குறைய இரண்டு மடங்கு மாறும். பெருநகரங்களின் குற்ற விகிதத்துக்குக் காப்பகம் 2011 மக்கள்தொகையையே பயன்படுத்துகிறது. இத்தனை வருடத்தில் வேகமாகப் பெருத்த ஊருக்கும் மெதுவாகப் பெருத்த ஊருக்கும் ஒரே அளவுகோல். இதைத் தெரிந்துகொண்டு எழுதலாம், தெரியாமல் எழுதக் கூடாது.

நடுவில் இன்னொரு சறுக்கல். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீளமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அரசுத் தரவில் கண்ணி அதிகம், நாமே கருத்துக்கணிப்பு எடுத்துவிடலாம் என்று வேறொரு வாடிக்கையாளரிடம் நாற்பத்தைந்தாயிரம் செலவு செய்யவைத்தேன். கூகுள் ஃபார்ம், முந்நூற்றுச் சொச்சம் பேர், பெரும்பாலும் வாட்ஸப் குழுக்கள் வழியாக வந்தவர்கள். ‘சென்னைவாசிகள் என்ன நினைக்கிறார்கள்’ என்று தலைப்பு. ஒரு செய்தி ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: “இது சென்னையின் கருத்தா, உங்கள் நண்பர்களின் கருத்தா?” அந்தக் குறிப்பு எங்கும் வரவில்லை. கருத்துக்கணிப்புக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. அதைவிட வாடிக்கையாளரின் சொந்தப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழுது பார்க்க வந்த புகார்கள், எந்தக் கிழமையில் எந்தப் பொருள் விற்கிறது என்பது போன்ற சின்னச் சின்னக் கணக்குகளில் சில நேரம் உண்மையான செய்தி இருக்கும். ஆனால் அதில் தனிப்பட்டவர்களின் பெயரோ போன் எண்ணோ இருந்தால், அவற்றை நீக்கிவிட்டுத்தான் உங்கள் கணினிக்கு வரவேண்டும்.

2023ஆம் ஆண்டு, ஜி.பி. ரோடு பக்கம் ஹெல்மெட் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் வந்தார். அண்ணாச்சி வழியாக வந்தவர் என்பது வேடிக்கை. திட்டாவிட்டாலும் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைத்திருந்தேன். அந்த அக்டோபர் 31ஆம் தேதி, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு சாலை விபத்து அறிக்கை வெளியானது. முதல் நாளே எல்லாப் பத்திரிகைகளும் பெரிய எண்களைப் போட்டுவிட்டன. நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள், 1,68,491 மரணங்கள், விபத்து எண்ணிக்கையில் தமிழகம் முதலிடம். கடைக்காரர் உடனே, தமிழகம் முதலிடம் என்பதை வைத்தே ஏதாவது செய்யுங்கள் என்றார். நான் அசையவில்லை. தமிழகத்தில் 64,105 விபத்துகள் என்பது சரி. ஆனால் மரணத்தில் உத்தரப் பிரதேசம்தான் முதலிடம், 22,595. தமிழகத்தில் 17,884. முதலிடம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் இந்த இரண்டும் குழம்பிப் போகும். தவிர, அது எல்லோரும் போட்டு முடித்த செய்தி. அறிக்கை வந்த அன்று நிருபர்களோடு ஓட்டப்பந்தயத்தில் இறங்கினால் நாம் தோற்போம். பத்து நாள் கழித்து, யாரும் திறக்காத அட்டவணையோடு போனால்தான் நமக்கு இடம்.

அந்தப் பத்து நாளும் அறிக்கையைப் பின்னாலிருந்து முன்னால் படித்தேன். சுருக்கத்தில் இருப்பது அரசு சொல்ல நினைத்த செய்தி. பின்னிணைப்பில் இருப்பதைத் தேடி எடுத்தால் அது நம்முடையது. பிடிஎஃப் அட்டவணைகளை எக்செலுக்கு மாற்றுவதற்கு டபுலா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது இல்லையென்றால் என் கண் போயிருக்கும். மாற்றிய பின், மாநிலங்களின் கூட்டுத்தொகை அறிக்கையில் அச்சான மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வோர் அட்டவணைக்கும் பார்க்கவேண்டும். வரிசை ஒன்று நழுவினாலும் அதில் தெரிந்துவிடும். எக்செலையும் முழுதாக நம்ப முடியாது. 5-9 என்று வயதுப் பிரிவு இருந்தால், கேட்காமலேயே அதை செப்டம்பர் 5ஆம் தேதி ஆக்கிவிடும் அதிபுத்திசாலி அது. இன்னொன்று, ஒரே ஆண்டின் எண் அடுத்தடுத்த அறிக்கைகளில் மாறியிருக்கும். 2020ஆம் ஆண்டின் சாலை மரணங்கள் முதலில் 1,31,714 என்று வந்தன, பிறகு திருத்தி 1,38,383 என்று வந்தன. பழைய அறிக்கையிலிருந்து ஓர் ஆண்டையும் புதிய அறிக்கையிலிருந்து ஓர் ஆண்டையும் எடுத்து ஒப்பிட்டால், நடக்காத உயர்வு ஒன்று நடந்ததாகிவிடும். ஆகவே, ஒப்பிடும் எல்லா ஆண்டுகளையும் கடைசியாக வந்த ஒரே அறிக்கையிலிருந்து எடுப்பதுதான் பாதுகாப்பு.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ அது கண்ணில் பட்டது. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இந்த எண் ஏற்கெனவே வந்த செய்திதான். ஆனால் அட்டவணை அதை இரண்டாகப் பிரித்திருந்தது. வண்டி ஓட்டியவர்கள் 35,692. பின்னால் உட்கார்ந்து போனவர்கள் 14,337. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று வகுத்தேன். 28.7 வந்தது. 28ஐப் பார்த்தவுடன் கை தானாகப் பின்வாங்கியது. அன்று மாலை முழுக்க அந்த எண்ணை உடைக்கப் பார்த்தேன். உடையவில்லை.

நாளுக்கு 39 பேர். மனைவி, தாய், நண்பன், தம்பி. சட்டத்தில் இருவருக்கும் ஒரே விதிதான். மோட்டார் வாகனச் சட்டம் 129ஆவது பிரிவு ஓட்டுபவரோடு சேர்த்துப் பின்னால் இருப்பவரையும் ஹெல்மெட் அணியச் சொல்கிறது. நாம்தான் பின்னிருக்கையை அதில் சேர்ப்பதில்லை. இது எனக்கே புதிதாக இருந்தது. வேலைக்காகப் படிக்கும்போது நம் வாயே கொஞ்சம் திறந்தால், அது செய்தி.

கடைக்காரருக்கும் எனக்கும் சண்டை வந்தது இதற்குப் பிறகுதான். ‘ஹெல்மெட் அணிந்திருந்தால் 14,337 உயிர்கள் பிழைத்திருக்கும்’ என்று குறிப்பின் தலைப்பு இருக்கவேண்டும் என்றார். அறிக்கை சொல்வது, இறந்தபோது அவர்கள் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை என்பதை மட்டும். அணிந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று அதில் இல்லை. லாரிக்கு அடியில் போனவரும் அந்தக் கணக்கில் இருப்பார். “இரண்டும் ஒன்றுதானே சார்” என்று மூன்று முறை கேட்டார். கடைசியில் பழைய பேனர் கதையைச் சொன்னேன். இருபத்திரண்டாயிரம் என்றதும் அமைதியாகிவிட்டார். வியாபாரிக்குப் புரியும் மொழி அது.

இந்த முறை அறுபது பேருக்கு அனுப்பவில்லை. அந்த மூத்த நிருபர் கைகாட்டிய ஓர் இளம் நிருபருக்கு மட்டும், அச்சில் வரும்வரை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். குறிப்பு ஒரே பக்கம். மேலே ஓர் எண், கீழே அது எந்த அட்டவணை, எந்தப் பக்கம் என்ற விவரம், கூடவே நான் கணக்குப் போட்ட எக்செல் கோப்பு, இந்த எண்ணை வைத்து எதையெல்லாம் சொல்ல முடியாது என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியைப் பார்த்த பிறகுதான் மீதியை நம்பியதாக அவர் பின்னால் சொன்னார். கடையின் பெயரைக் கடைசிப் பத்தியில் வைத்திருந்தேன். கடைக்காரரையே பேச வைக்காமல், கடைக்கு வருபவர்கள் ஒரு ஹெல்மெட் வாங்குகிறார்களா இரண்டு வாங்குகிறார்களா என்று அவருடைய விற்பனைப் பையன் சொல்வதை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன்.

நிருபர் அதோடு நிற்கவில்லை. அண்ணா சாலையில் ஒரு சிக்னலில் மாலை நேரம் அரை மணி நின்றார். கூட நானும் நின்றேன். முன்னால் கணவர் தலையில் ஹெல்மெட், கன்னப்பட்டை இறுக்கமாகக் கட்டியிருந்தது. பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த மனைவியின் முழங்கையில் இன்னொரு ஹெல்மெட் கூடை மாதிரி தொங்கியது. அதற்குள் ஒரு முழம் மல்லிகைப்பூப் பொட்டலம். போலீஸ்காரர் தெரிந்தால் போட்டுக்கொள்வதற்காக வைத்திருந்ததாம். நான் பத்து நாள் தேடி எடுத்த எண்ணைவிட, அந்தப் பூப் பொட்டலம்தான் செய்தியின் முதல் பத்தியில் வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. எண் மூன்றாவது பத்தியில், பக்க விவரத்தோடு, ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தது.

கடையின் பெயர் கடைசி வரியில் வந்தது. கடைக்காரர் காலையில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, “இதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேடவேண்டும்” என்றார். ஆனாலும் பேசிய தொகையை அந்த வாரமே கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் இன்னொரு பத்திரிகையிலிருந்து, மாநிலவாரி அட்டவணை கிடைக்குமா என்று என்னை அழைத்தார்கள். பேசியவர் பழைய அறுபது பேரில் ஒருவர். என்னை நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

செய்தி வந்த அன்று மாலை அண்ணாச்சியும் அழைத்தார். “தம்பி, அந்த ஹெல்மெட் விஷயம் நன்றாக இருந்தது. பூட்டுக்கு இதேமாதிரி ஒரு எண் கிடைக்காதா?” என்றார். பார்க்கலாம் அண்ணாச்சி, அதற்கு முன்னால் அந்த 2021 பாக்கி ஐம்பத்தெட்டாயிரம் என்று இழுத்தேன். லைன் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டார்.